ஃபிட்னஸ் ட்ரெய்னராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் பையன்களையும் பெண்களையும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பேட்சும் முந்தைய பேட்ச் செய்த அதே தவறுகளை அதே தன்னம்பிக்கையோடு செய்கிறது. நாங்கள் புதிதாக வந்தபோது செய்தவையும் இவைதான் என்பதால், கோபப்படப் பெரிய உரிமை ஒன்றும் எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வார்ம்-அப் மறப்பது, டம்பெல்லை எடுத்த இடத்தில் வைக்காதது, ஃபோனைப் பார்த்துக்கொண்டே ரெப் எண்ணுவது எல்லாம் இங்கே வராது. ஒரு வாரம் திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

தன் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்வது

"எனக்கு இது நல்லா வேலை செஞ்சது" என்று தொடங்கும் எந்த அறிவுரையும் சந்தேகத்துக்குரியது. உங்களுக்கு இருபத்திரண்டு வயது. நன்றாகத் தூங்குகிறீர்கள், ஜிம்மிலேயே கிடக்கிறீர்கள். உங்களிடம் வருபவர்களில் மேடை ஏறிப் போட்டியில் நிற்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முழங்கால் பிடிக்கிறது, குழந்தை பிறந்த பிறகு இடுப்பு வலிக்கிறது என்று வருபவர்கள்தான் பெரும்பாலும். உங்கள் சம்பளமும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

எந்தச் சான்றிதழ் எதற்கு என்று கேட்காமல் பணம் கட்டுவது

'இன்டர்நேஷனல்' என்று போட்டிருந்தால் போதும், இரண்டு நாள் வகுப்புக்குக் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். ஏஸ், ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ என்ற அமெரிக்க அமைப்புகளின் பெர்சனல் ட்ரெய்னர் தேர்வுகளுக்கு, சான்றிதழ்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்சிசிஏ என்ற அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டப்போகும் சான்றிதழுக்குப் பின்னால் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது சுவரில் மாட்ட மட்டும்தான் உதவும்.

அடுத்து, எது யாருக்கு என்ற கேள்வி. என்எஸ்சிஏ தரும் சிஎஸ்சிஎஸ் என்பது விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கானது. பட்டப்படிப்பு இல்லாமல் அதைப் பெற முடியாது. இது தெரியாமல் பிளஸ் டூ முடித்த கையோடு அதற்குப் புத்தகம் வாங்கி வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.பி.எட். என்பது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கான படிப்பு. 1920இல் தொடங்கி இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியோ, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமோ, எங்கே சேர்வதானாலும் அந்தக் குறிப்பிட்ட பட்டம் எந்த வேலைக்கு வழி என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பிசியோதெரபி வேறு துறை, அதற்குத் தனிப் பட்டப்படிப்பு. முதுகு வலிக்கிறது என்று வந்தவரிடம் "டிஸ்க் பிரச்சனைதான் சார்" என்று சொல்லும் தகுதி எந்த ட்ரெய்னர் சான்றிதழிலும் கிடையாது.

"ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?"

எரிச்சல் என்று சொன்னது இதைத்தான்.

புதிதாக ஒருவர் சேர வருகிறார். பயிற்சியில் இருக்கும் தம்பி படிவத்தை எடுக்கிறான். பெயர், வயது, எடை, எதற்காகச் சேருகிறார். அப்புறம் அந்தக் கேள்வி. "ஹெல்த்ல ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?" அவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்கிறார். தம்பி எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறான். அவ்வளவுதான்.

வந்தவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் சுகரும் பிரஷரும் மாத்திரை போட ஆரம்பித்தவுடன் பிரச்சனைக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். மாத்திரை போடுகிறார், போன மாத ரிப்போர்ட் நார்மல், அதனால் பிரச்சனை இல்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. ஆகவே நாற்பதைத் தாண்டிய ஒருவர் ஜிம்முக்குள் வந்தால், அவர் பையில் மாத்திரை அட்டை இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

முன்பு வேலை பார்த்த ஒரு ஜிம்மில் நடந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு கடைக்காரர், காலை ஆறு மணி பேட்ச். படிவத்தில் எல்லாமே 'இல்லை'. வெறும் வயிற்றில் செய்தால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று ட்ரெய்னி சொல்லியிருந்ததால் டீகூடக் குடிக்காமல் வந்திருந்தார். ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா, அதை மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாவது சுற்றில் வியர்வை கொட்டியது. பையனுக்கு ஒரே உற்சாகம். "சூப்பர் சார், நல்லா வியர்க்குது, இன்னும் ஒரு செட்!" அவர் கை நடுங்கிக் கேபிள் பிடியை நழுவவிட்டார். எண்ணச் சொன்னால் ஆறு, ஏழு, எட்டு என்று வந்து மறுபடி ஐந்து என்றார். வரவேற்பில் இருந்த அக்காதான் ஓடிவந்து டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். அக்கா வீட்டில் தன் அப்பாவுக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மனிதர் தெளிந்தார். சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தால் கிளிமிபிரைடு.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. உடற்பயிற்சி செய்யும் தசையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும், அதைத்தான் அன்று பார்த்தோம். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆக, 'சுகர் இருக்கிறது' என்று தெரிந்தால் போதாது. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதும் தெரிய வேண்டும்.

அந்தப் பையன் அப்போதும் சொன்னது: "சார் என்கிட்ட சொல்லவே இல்லையே." எரிச்சல் மூட்டுவது இந்த வாக்கியம்தான். அவர் ஏன் சொல்ல வேண்டும்? கேட்பதுதானே நம் வேலை.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "காலையில எழுந்ததும் என்ன மாத்திரை போடுறீங்க? ராத்திரி படுக்கும்போது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சரளமாக வரும். "கடைசியா எப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணீங்க, எதுக்காக?" என்று கேளுங்கள். "வேகமா நடந்தா, மாடி ஏறினா நெஞ்சுல இறுக்கம், தலைசுத்தல் வருமா?" என்று கேளுங்கள். மாத்திரை அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் ஞாபகம் இல்லாதவர்கள்தான் அதிகம். உடற்பயிற்சி தொடங்கும் முன் உடல்நிலையைக் கேட்டறியும் பார்-க்யூ பிளஸ் படிவத்தின் முதல் பக்கத்தில் ஏழே கேள்விகள், அவற்றில் ஒன்று மாத்திரை பற்றியது. ஆங்கிலப் படிவத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் நீங்களே கேட்டு நிரப்புங்கள்.

பிரஷர் மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் போடுபவரின் இதயத்துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. 220இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணக்குப் போட்டு, வாட்ச்சைப் பார்த்து, "இன்னும் ஏறலையே, வேகத்தைக் கூட்டுங்க" என்று ட்ரெட்மில்லில் ஓடவிடுவார்கள். அவர் ஏற்கெனவே முழு மூச்சில் இருப்பார். இவர்களிடம் வாட்ச்சை நம்பாமல் பேச்சை நம்புங்கள்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம், இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் அதிகம். அதே பீட்டா பிளாக்கர், சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். ஜிம்மில் வியர்வையை யார் சந்தேகப்படுகிறார்கள்?

ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டர் இல்லாவிட்டால், இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். தெளிந்துவிட்டார் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போகவிடாதீர்கள்; கிளிமிபிரைடு போட்டவருக்கு மறுபடியும் இறங்கலாம். சாப்பிட வைத்து, வீட்டுக்கு ஃபோன் செய்து, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் நேர் எதிர்ப் பக்கம் போய்விடுவார்கள். வருகிற எல்லோரையும் "டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள், அவர்களுக்குத்தான் உடற்பயிற்சி அதிகம் தேவைப்பட்டிருக்கும். எந்த நோயும் அறிகுறியும் இல்லாதவர் மெதுவாகத் தொடங்கலாம். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்து, இதுவரை அசையாமல் இருந்தவரையும், நெஞ்சு வலி மாதிரி அறிகுறி சொல்பவரையும்தான் கட்டாயம் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று கேட்டுவரச் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே டாக்டர் "வாக்கிங் போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: வாரம் மூன்று நாள், காலை ஆறு மணி, இவ்வளவு எடை. பிறகு கேள்வி: இந்த நேரத்துக்கு மாத்திரையை மாற்ற வேண்டுமா? சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருக்கிறதா என்று பரிசோதித்தாயிற்றா, கனமான எடை தூக்கலாமா? காலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது? இப்படிக் கேட்டால் பதிலும் தெளிவாக வரும்.

முதல் நாளே உடம்பைப் பிழிவது

மறுநாள் படியில் இறங்க முடியவில்லை என்று ஃபோன் வந்தால் பெருமைப்படும் ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பை நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைத்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தாங்க முடியாத வலி, வீக்கம், கோலா நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் ஐஸ் ஒத்தடம், எலுமிச்சை ஜூஸ் என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நீண்ட நாள் விட்டுவிட்டுத் திரும்பி வரும் பழைய ஆட்களிடமும் கவனம் தேவை. பழைய எடையை நேராகக் கேட்பார்கள்.

டயட் சார்ட் எழுதிக் கொடுப்பது

உங்கள் வேலை இல்லை. புரோட்டீன் டப்பாவில் கமிஷன் வருமென்றால் சுத்தமாக உங்கள் வேலை இல்லை.

கேட்காமல் தொட்டுத் திருத்துவது

கேளுங்கள். ஒவ்வொரு முறையும்.

முகாம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஜிம் தளத்தோடு இந்தத் தொழில் நின்றுவிடுவதில்லை. நிறுவனங்கள், கல்லூரிகள், குடியிருப்புகள் எல்லாம் இப்போது நலவாழ்வுப் பணிக்கு ஆள் கேட்கின்றன. அங்கே போகிறவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றே: பேனர் கட்டி, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பிஎம்ஐ பார்த்து, "தினமும் பத்தாயிரம் அடி நடங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது.

அந்த பிஎம்ஐயிலேயே தவறு. பொது அட்டவணையில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல்பருமன். இந்தியர்களுக்கு இந்த எல்லைகள் 23, 25. வயிற்றில் கொழுப்பு சேரும் நம் உடல்வாகுக்கு ஏற்ப வைத்தவை. 24 இருப்பவரைப் பாராட்டி அனுப்பினால் எச்சரிக்க வேண்டியவரைத் தட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிரஷர் பார்ப்பதும் இப்படித்தான். மாடிப்படி ஏறி வந்தவரை நிற்கவைத்து, பேசிக்கொண்டே கஃப் கட்டிப் பார்த்தால் வருவது அவருடைய பிரஷர் இல்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருந்து, பேச்சு இல்லாமல் பார்த்ததுதான் கணக்கு.

இன்னொன்று. 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வந்த, நலவாழ்வு மேம்பாட்டுக்கான ஒட்டாவா சாசனம் தனிமனிதருக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. ஆரோக்கியத்துக்கு ஏற்ற சூழலை உருவாக்குவதையும் இந்தத் துறையின் வேலையாக எழுதிவைத்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் பெண்ணிடம் பத்தாயிரம் அடி என்பது என்ன அறிவுரை? கேன்டீனில் என்ன எண்ணெய்ப் பலகாரம், எத்தனை மணிக்கு? இடைவேளை பத்து நிமிடமா, இருபதா? நடக்கச் சொல்லும் தெருவில் விளக்கு எரிகிறதா, நாய் துரத்துகிறதா? மேலாளரிடம் இதைப் பேசத் துணியாதவர் பேனர் கட்டுவதோடு நின்றுவிடுவார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியில் அந்த வேலையைச் செய்யும் அக்காவோடு அரை நாள் நடந்து பாருங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

சிபிஆரை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது போதும் என்பது

போதாது. இதயம் நின்றவருக்குச் செய்யும் சிபிஆரில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சை அழுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் வாயால் சொல்லத் தெரிகிறது. பொம்மையின் மேல் கை வைத்தால், பளு தூக்கும் பையன்களே பாதி ஆழத்தில் நின்றுவிடுகிறார்கள், விலா உடைந்துவிடுமோ என்ற பயத்தில். ஏஸ் தேர்வுக்கு சிபிஆர் சான்றிதழ் கட்டாயம். அதையும் நேரில் செய்து காட்டி வாங்கியிருக்க வேண்டும். ஏஸ் சான்றிதழையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தேதியை இப்போதே ஃபோனில் போட்டுவையுங்கள்.