இயற்கை வேளாண் கடன்: தவணை அட்டவணையில் நடக்கும் தவறு

ரசாயன உரத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் பண்ணைகளுக்குக் கடன் கொடுக்கப் புதிதாக வருபவர்கள் மண், நீர், சந்தை எல்லாவற்றையும் அலசுகிறார்கள். தவணை அட்டவணையை மட்டும் பழைய பயிர்க்கடன் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

மாறும் காலத்திலேயே அசலைக் கேட்பது

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இயற்கை விளைபொருள் என்று விற்க ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு மாறும் காலம் வேண்டும். பெரும்பாலான பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு. அமெரிக்காவில் அறுவடைக்கு முன் 36 மாதம். அதுவரை செலவு இயற்கை முறைக்கானது, விலையோ சாதாரண விலை. விளைச்சலும் பெரும்பாலும் இறங்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாறுவதற்கு முன் வரவு 100, செலவு 70. மாறும்போது விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வரவு 80 ஆகிறது. களையெடுப்புக் கூலி ஏறிச் செலவு 75. கையில் மிஞ்சுவது 5. இந்தப் பண்ணைக்கு 60 கடனை 8 சதவீத வட்டியில் 3 ஆண்டுக்குக் கொடுத்தால், முதல் ஆண்டு கட்ட வேண்டியது அசல் 20, வட்டி 4.8. இரண்டே ஆண்டில் சுமார் 38 துண்டு விழும்.

அந்தத் துண்டை அடைக்க விவசாயி என்ன செய்வார்? விளைச்சலைத் தூக்க ஒரு மூட்டை யூரியா போடுவார். அன்றைக்கே மாறும் காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விவசாயியின் இரண்டு ஆண்டு உழைப்பும் கடன் கொடுத்தவரின் பணமும் ஒன்றாகப் போகும். பழியை விவசாயி மேல் போடுவது அநியாயம். தவறு அட்டவணை போட்டவருடையது.

அதே 60-ஐ 7 ஆண்டுக்குக் கொடுங்கள். மாறும் காலம் 2 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 ஆண்டு வட்டி மட்டும்: 4.8. மிஞ்சும் 5-இல் அது அடங்கிவிடும். மூன்றாம் ஆண்டு விளைச்சல் 90-க்கு மீண்டு, இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழால் விலை 20 சதவீதம் கூடினால் வரவு 108, மிச்சம் 33. கட்ட வேண்டியது 16.8. விளைச்சல் ஓரளவு குறைந்தாலும் தாங்கும். ஆனால், அசல் கேட்காத அந்த 2 ஆண்டு வட்டியை அசலோடு சேர்த்துவிடாதீர்கள். 60 என்பது 70 ஆகிவிடும். காப்பி போன்ற மரப்பயிரைப் புதிதாக நட்டால் 2 ஆண்டும் போதாது, முதல் காய்ப்புக்கே 3, 4 ஆண்டு ஆகும்.

மாதத் தவணை

மாதாமாதம் கேட்காதீர்கள். அறுவடை விற்ற பணம் கைக்கு வரும் மாதத்தில்தான் தவணை.

அந்நிய நாணயக் கடன்

விற்பது உள்நாட்டுப் பணத்தில் என்றால் டாலர் கடன் வேண்டாம்.

விளைபொருள் வாங்குபவரின் வாய்மொழி உறுதி

கூடுதல் விலை எழுத்தில் இல்லாவிட்டால், மேலே சொன்ன 108-ஐ 90 என்று வைத்துக் கணக்கிடுங்கள். அப்போது மிச்சம் 15, தவணைக்கே போதாது.