ரெண்டு பேர் கணக்கு: கருத்தடை வேலையைப் பங்கு போடும் விதம்

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கல்யாணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். வயிற்றைத் திறக்க வேண்டியது பெண்ணுக்குத்தான், ஆணுக்கு அது தேவையே இல்லை. அப்படியிருந்தும் இதுதான் நிலவரம்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஆண்டுகளிலும் "நீ பாத்துக்கோ" என்பதோடு பல ஆண்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மாத்திரை ஓர் உடம்புக்குள்தான் போகும், அதைப் பாதியாகப் பிரிக்க முடியாது. ஆனால் எந்த முறைக்கும் உடம்புக்கு வெளியே வேலை இருக்கிறது: வாங்கி வைப்பது, தேதி பார்ப்பது, தவறினால் என்ன செய்வது என்று தெரிந்துவைப்பது, ஆஸ்பத்திரிக்கு அலைவது. யார் உடம்பு முறையைச் சுமக்கிறதோ, அவரைத் தவிர மற்றவர் இந்த வேலைகளை எடுத்துக்கொள்வதுதான் நியாயமான பங்கு.

முதல் பேச்சு படுக்கையில் வேண்டாம். பகலில், அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை எப்போது வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாமா என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உடல்நிலை: ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு, டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்து. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் ஹார்மோன் மாத்திரையைத் தொடாதீர்கள்.

ஆணுறை. உடம்புக்குள் எதுவும் போகாத முறை இது, அதனால் வாங்குவதும் தீராமல் பார்ப்பதும் ஆணின் வேலை. பர்ஸிலும் பைக் டேங்க் கவரிலும் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், அலமாரியில் வையுங்கள். தேதியைப் பாருங்கள், பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். பல்லால் கிழிக்காதீர்கள். விறைப்பு வந்ததும், உடலுறுப்புகள் தொடுவதற்கு முன்பே, நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றில்லாமல் அடிவரை உருட்டிவிடுங்கள். உருளவில்லையென்றால் தலைகீழாக வைத்துவிட்டீர்கள். அதையே திருப்பிப் போடக் கூடாது, நுனியில் ஏற்கெனவே திரவம் பட்டிருக்கும், புதிதாக எடுங்கள். முடிந்ததும் தளர்வதற்குள் அடியைப் பிடித்தபடி வெளியே எடுத்து, முடிச்சுப் போட்டு, தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போடுங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு தேங்காய் எண்ணெய். வாசலினும் அப்படித்தான். எண்ணெய் லேட்டக்ஸை இளக்கிவிடும், பிறகு கிழியும். நீர் சார்ந்த ஜெல்தான் சரி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டாலும் உரசிக் கிழியும். ஒரு தடவையும் பிசகாமல் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் 2 பேருக்குக் கரு நிற்கும். வீட்டில் நடப்பதுபோல் விட்டுவிட்டுப் பயன்படுத்தினால் 13 பேருக்கு. இங்கே சொல்லும் முறைகளில் பால்வினை நோயையும் சேர்த்துத் தடுப்பது இது ஒன்றே. "வெளியே எடுத்துடறேன்" என்பதை நம்பினால் 20 பேர்.

மாலா-என் மாத்திரை. அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். அட்டையில் 28: ஹார்மோன் மாத்திரை 21, இரும்புச் சத்து 7. மாதவிலக்கின் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். ஒன்று தவறினால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கப்படி போட்டால் போதும். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உடனே ஒன்று போட்டு, அடுத்த ஏழு நாளும் ஆணுறை. தவறியது மூன்றாம் வாரம் என்றால் ஹார்மோன் மாத்திரையை முடித்ததும் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டுப் புது அட்டையைத் தொடங்க வேண்டும். இந்த விதி கணவனுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். அட்டை இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தால் "போட்டியா?" என்று விசாரணை நடத்த வேண்டியதே இல்லை.

சாயா, அந்தரா. சாயாவும் கருத்தடை மாத்திரைதான், ஆனால் அதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள், பிறகு வாரம் ஒன்று. மாதவிலக்கின் முதல் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும். நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். வாரம் இரண்டிலிருந்து ஒன்றாக மாறும் அந்தக் கட்டத்தில்தான் கணக்குக் குழம்பும், காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. அந்தரா மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ரத்தப்போக்கு தாறுமாறாகும், நாளடைவில் நின்றும் போகலாம். நிறுத்தியபின் கரு நிற்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் பிடிக்கும். இதைக் கணவன் முன்கூட்டியே அறியாவிட்டால் வீட்டில் வீண் சண்டை.

பிரசவத்துக்குப் பின். "பால் கொடுக்கிறவரை கரு நிற்காது" என்பது முக்கால் பொய். அது பலிக்க, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் தராமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் பாதுகாப்பில்லை. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போடுவதானால் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். 380ஏ வகை பத்தாண்டு தாங்கும். பிரசவ வலியில் இருப்பவளிடம் சம்மதம் கேட்பது சம்மதமாகாது. ஏழாம் மாதத்திலேயே இருவரும் பேசி முடிவெடுங்கள்.

போதும் என்று முடிவானால். ஆணுக்கான கருத்தடை ஆபரேஷனான தழும்பற்ற வாசெக்டமிக்குக் கத்தி வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, விரைப்பைத் தோலில் சிறு துளையிட்டு விந்துக் குழாயை வெட்டிக் கட்டுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்குவதும் சைக்கிளும் வேண்டாம். ஆண்மை குறையாது, ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் அல்ல.

ஆனால் குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. விந்தணு இல்லை என்று எழுத்தில் வந்தபின்தான் ஆணுறையை விட வேண்டும். பரிசோதனைக்குப் போகச் சோம்பல்பட்டு, இடையில் கரு நின்று, பழி மனைவி மேல் விழுந்த வீடுகள் உண்டு. திரும்பச் சேர்ப்பது நிச்சயமில்லை, ஆகவே இதை முடிந்த முடிவாகவே எண்ணுங்கள். கணவனோ மனைவியோ, ஆபரேஷனுக்குத் துணையின் கையெழுத்து கட்டாயமில்லை.

தவறிவிட்டால். ஆணுறை கிழிந்ததை மறைக்காமல் உடனே சொல்லுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் அவசரக் கருத்தடை மாத்திரை, 1.5 மில்லிகிராம், ஒன்றே ஒன்று, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடை கடையாகத் தேடி வாங்கி வருவது ஆணின் வேலை. கிடைக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒன்று. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் மாத்திரையைவிடப் பலன் அதிகம். நாள் ஒரு வாரம் தள்ளிப்போனால் காலை முதல் சிறுநீரில் பரிசோதனை. கரு நின்றிருந்தால், கருத்தடை தோற்ற காரணத்துக்காக 20 வாரம்வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் கல்யாணமாகாதவர்களுக்கும் பொருந்தும். 18 வயது நிறைந்தவள் என்றால் அவள் கையெழுத்து ஒன்றே போதும். கூடப் போய் வரிசையில் நிற்பதற்குத்தான் இன்னொருவர் வேண்டும்.