பெயரால் குழப்பும் கரைப்பான்களைப் பிரித்தறிவது எப்படி?

குமரி மாவட்டத்தின் மாறாமலையில் விளையும் கிராம்பை நீராவியால் வடித்து, அவ்வடிநீரிலிருந்து கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலைப் பிரிக்க முற்படும் மாணவர் எந்தக் கரைப்பானை எடுப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். டைகுளோரோமீத்தேனின் அடர்த்தி 1.33 (நீருக்கு 1) என்பதால், கலவாத திரவ அடுக்குகளைப் பிரிக்கும் பிரிபுனலில் அது நீருக்கு அடியில் தங்கும். டைஎத்தில் ஈதரின் அடர்த்தி 0.71 என்பதால் அது மேலே நிற்கும். ஐயம் எழுந்தால் சில துளி நீரை விட்டு, அது எந்த அடுக்கில் கலக்கிறது என்று பாருங்கள். எளிதில் தீப்பற்றாத டைகுளோரோமீத்தேனையே நான் பரிந்துரைப்பேன்; ஆனால் அதனை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் மட்டுமே கையாள வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது ஈதர்களில்தான். பெட்ரோலியம் ஈதர் உண்மையில் ஈதர் அன்று. பென்டேன், ஹெக்சேன் முதலிய ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஆகவே அதன் குப்பியில் 40–60 அல்லது 60–80 டிகிரி செல்சியஸ் என்று கொதிநிலை எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒற்றைச் சேர்மமான டைஎத்தில் ஈதரோ 34.6 டிகிரியிலேயே கொதிப்பதால், நாகர்கோவிலின் கோடை நண்பகலில் குப்பியைத் திறப்பதற்கும் எச்சரிக்கை தேவை. இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது. மேசையோரமாகப் பரவித் தொலைவிலுள்ள சுடரையும் எட்டிவிடும். காற்றும் ஒளியும் பட்டு நாட்பட்ட டைஎத்தில் ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உருவாகின்றன. மூடியில் படிகங்கள் தெரிந்தால் தொடாதீர்கள். தெரியாவிட்டாலும், வடிப்பதற்கு முன் அசெட்டிக் அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் அயோடைடுடன் சிறிதளவு ஈதரைக் கலந்து பாருங்கள். மஞ்சளோ பழுப்போ தோன்றினால் அதனை வடிக்கக் கூடாது.

பென்சீனும் டொலுயீனும் மணத்தால் நெருங்கியவை. எனினும் மோந்து அறிய முயல்வது தவறு. பென்சீன் 80.1 டிகிரியிலும், டொலுயீன் 110.6 டிகிரியிலும் கொதிக்கின்றன. குலசேகரம் பகுதியின் ரப்பர் ஷீட்டைக் கரைக்க டொலுயீனே போதும். அதில் ஷீட் முதலில் உப்பிப் பின்னர் மெல்லக் கரையும். அதற்காகப் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனை நாட வேண்டியதில்லை. அசிட்டோனில் ரப்பர் கரையாது. ரப்பரிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் மட்டுமே பிரிந்து வரும்.

மெத்தனாலையும் எத்தனாலையும், அயோடினும் காரமும் சேர்த்துப் பார்க்கும் அயோடோஃபார்ம் சோதனையால் வேறுபடுத்தலாம். எத்தனால் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. ஆனால் அசிட்டோனும் அதே வீழ்படிவைத் தரும். மேலும், மஞ்சள் நிறம் எத்தனால் இருப்பதைக் காட்டலாமேயொழிய, அதனுடன் நச்சான மெத்தனால் கலக்கவில்லை என்று உறுதிகூறாது. ஆகவே பெயர்ச்சீட்டு உதிர்ந்த குப்பியை இச்சோதனையை நம்பிப் பயன்படுத்தாமல், கழிவாகவே ஒப்படையுங்கள்.