கிரைண்டர தொட்டா ஜிவ்வுனு இழுக்குதா? மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க

எங்க ஊடு பல்லடத்துப் பக்கமுங்க. தறி ஓடற ஊரு, விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் கரண்ட்டோடதான் பொழப்பே. அப்பிடி இருக்கற ஊட்டுலயே எங்கம்மா ரெண்டு மாசமா கிரைண்டர்ல மாவாட்டறப்ப மட்டும் ரப்பர் செருப்பு போட்டுட்டு நின்னுருக்காங்க, ஏம்மா சமையக்கட்டுல செருப்புன்னு கேட்டதுக்கு "வெறுங்கால்ல நின்னா ஜிவ்வுனு இழுக்குது சாமி, செருப்பு போட்டா தெரியறதில்ல"ன்னு சாதாரணமா சொல்றாங்க. எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. ஒரு நாள் அந்தச் செருப்பு நனைஞ்சிருந்தா, இல்ல ஒரு கை கிரைண்டர்லயும் இன்னொரு கை தண்ணிக்கொழாயிலயும் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் தூக்கம் வராதுங்க. அதனாலதான் தோட்டத்துலயும் தறிக்குடோன்லயும் பாத்தது, ஒயர்மேன்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதறேன், நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல இந்த ஜிவ்வு. இத "லேசான ஷாக்"னு விடவே கூடாதுங்க. மிஷினோட பாடிக்கு கரண்ட்டு கசியுது, அது மண்ணுக்குப் போக எர்த்து இல்ல, ரெண்டும் சேந்தாத்தான் உங்க கைக்கு வரும். எர்த்து நல்லாருந்தா அந்தக் கசிவு எர்த்து ஒயர் வழியா மண்ணுக்கே போயிரும். இன்னைக்கு காஞ்ச காலு, காஞ்ச தரை, அதனால ஜிவ்வோட நின்னுச்சு. ஒடம்புல 10 மில்லி ஆம்பியருக்கு மேல போனாலே கை மடங்கி புடிச்சுக்கும், விடணும்னு நெனச்சாலும் விட முடியாது, 30-ம் அதுக்கு மேலயும் போனா மூச்சு நிக்கும், நெஞ்சுத் துடிப்பே கொழம்பிரும். ஒரு 9 வாட்ஸ் எல்இடி பல்பு எடுக்கறதே சுமாரா 40 மில்லி ஆம்பியர்னு வெச்சுக்குங்க, அப்ப ஆளக் கொல்ல எவ்வளவு கொஞ்சம் போதும்னு புரியும். அதனால ஜிவ்வுனதும் மிஷின மறுபடி தொட்டுப் பாக்காதீங்க. காஞ்ச கையால செவுத்து சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்க புடுங்குங்க, சுவிட்ச் போர்டே இழுக்குதுன்னா மெயின ஆஃப் பண்ணுங்க, ஒயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் அந்த மிஷின் பக்கமே போகக் கூடாது. மாவு பக்கத்து ஊட்டுல ஆட்டிக்கலாம்.

தோட்டத்துச் சாளையில, அதாவது தோட்டத்து ஊட்டுல, இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. மாடு நம்மளுக்கு முன்னாடியே சொல்லிரும். நாலு காலும் ஈரத்துல, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல அவ்வளவு தூரம், அதனால நம்மளுக்குத் தெரியாத கசிவு கூட அதுக்குத் தெரியும். தண்ணித்தொட்டியில மூக்க வெச்சுட்டு வெடுக்குனு பின்னாடி வாங்குது, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மிஷின் ஓடறப்ப மட்டும் கட்டுத்தரையில நிக்க மாட்டேங்குதுன்னா, கண்ணு பட்டுருச்சோ காய்ச்சலோன்னு நெனைக்கறதுக்கு முன்னாடி மோட்டார் மெயின ஆஃப் பண்ணிப் பாருங்க. ஆஃப் பண்ணதும் மாடு கம்முனு தண்ணி குடிச்சா விசயம் அங்கதான் இருக்கு.

வாசத்தயும் கவனிங்க. மீன் வெச்ச சட்டி மாதிரி ஒரு நாத்தம் சுவிட்ச் போர்டு பக்கம் வரும், ஊட்டுல மீனே எடுத்திருக்க மாட்டாங்க, பிளாஸ்டிக்கு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருக்கும். பிளக்கு தொட முடியாத சூடு, சாக்கெட்ட சுத்திக் கருப்பு, போர்டுக்குள்ள சர்ர்ருனு சத்தம், எல்லாம் ஒரே கதைதான், எங்கயோ ஒயரு லூசு இல்லாட்டி லோடு எச்சு. 6 ஆம்பியர் சாக்கெட்டுல மல்டி பிளக்க சொருகி அதுல 2000 வாட்ஸ் இண்டக்சன் அடுப்பும் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் போட்டா 13 ஆம்பியர் போகுதுங்க, ரெண்டு மடங்குக்கு மேல. அதுவும் ட்ரிப்பர் விழுதுன்னு பெரிய ட்ரிப்பரா மாத்திக்கறது, பீஸ் அடிக்கடி போகுதுன்னு பீஸ் கட்டையில தடிமனா செம்புக்கம்பி சுத்தி விடறது, இது ரெண்டும் நம்ம பக்கம் ரொம்ப நடக்குது. பீஸ் போறது தொந்தரவு இல்லீங்க, அது போகத்தான் வெச்சிருக்கு. அது போகலீன்னா செவுத்துக்குள்ள ஒயரு எரியும். தறி இருக்கற எடத்துல இன்னும் மோசம், பஞ்சு பறந்து வந்து ஸ்டார்ட்டர் மேலயும் மோட்டார் மேலயும் மெத்தையாட்ட உக்காந்திருக்கும், ஒரு பொறி போதும். வாரத்துக்கு ஒரு தடவை மெயின ஆஃப் பண்ணிட்டு காஞ்ச பிரஷ்ல தட்டி விடுங்க, கண்டிப்பா ஆஃப் பண்ணிட்டுத்தான்.

அடுத்தது நியூட்ரல் கட்டாகறது, இத நெறயாப் பேருக்குத் தெரியறதே இல்ல. நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்ல, கோடை மழைக்கு முன்னாடி அடிக்கற சூறையும் அப்பிடித்தான், லைன் ஒண்ணோட ஒண்ணு மோதும், தென்னமட்ட விழும். ஒரு தடவ அப்பிடி அடிச்சப்ப எங்க ஊட்டுல ராத்திரி எட்டு மணிக்கு லைட்டு எல்லாம் பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது, பேன் பறக்கற மாதிரி சுத்துது, ஸ்டெபிலைசர் டக்கு டக்குனு அடிக்குது, பக்கத்து ஊட்டு அக்கா அதே நேரத்துல "எங்க லைட்டு மங்கலா எரியுதுங்க"ன்னு கத்தறாங்க. நாங்க என்னமோ வோல்டேஜ் நல்லா வந்திருச்சுன்னு நெனச்சு நின்னோம். அஞ்சு நிமிசத்துல ஃபிரிட்ஜும் டிவியும் போச்சு. நடந்தது என்னன்னா, ஊட்டுக்கு வரது ஒரு பேஸும் (கரண்ட்டு வர்ற கம்பி) நியூட்ரலும் (அது திரும்பிப் போற கம்பி), 230 வோல்ட். ட்ரான்ஸ்பார்மர்ல இருந்து வர்ற பொது நியூட்ரல் அந்துருச்சுன்னா ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கற 400 வோல்ட்ட நம்ம ஊடும் பக்கத்து ஊடும் பங்கு போட்டுக்கும், லோடு கம்மியா இருக்கற ஊட்டுக்கு எச்சு வோல்டேஜ், லோடு எச்சா இருக்கற ஊட்டுக்குக் கம்மி. அதனால லைட்டு திடீர்னு பளீர்னு ஆனாலோ, ஒண்ணு பளீர் ஒண்ணு மங்கல்னு ஆனாலோ டிவிய ஆஃப் பண்ணலாமா ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணலாமான்னு ஓடாதீங்க, நேரா போயி மெயின ஒரே போடா ஆஃப் பண்ணுங்க, பக்கத்து ஊட்டுக்காரங்களயும் கத்திச் சொல்லுங்க. ஈபில சரி பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சப்பறம்தான் ஆன் பண்ணணும். இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, சில பேரு எர்த்து குழி தோண்டறதுக்குப் பதிலா சாக்கெட்டுல எர்த்து முனையையும் நியூட்ரலையும் சேத்து முறுக்கி விட்டிருப்பாங்க. அப்பிடி இருக்கற ஊட்டுல நியூட்ரல் அந்துச்சுன்னா ஃபிரிட்ஜு பாடி, வாஷிங் மிஷின் பாடி எல்லாத்துலயும் கரண்ட்டு நிக்கும். உங்க ஊட்டுல அப்பிடி இருக்கான்னு ஒயர்மேன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். ஊட்டுல ஒருத்தருக்கு கரண்ட்டு அடிச்சு ஒட்டிக்கிட்டாங்க. நம்ம மனசு என்ன சொல்லும், ஓடிப்போயி இழுன்னு சொல்லும். அம்மாவ புள்ள இழுக்க, புள்ளைய அப்பன் இழுக்க, ஒரே ஊட்டுல ரெண்டு மூணு பேரு போறது இப்பிடித்தானுங்க. தொடாதீங்க. எவ்வளவு பாசமா இருந்தாலும் தொடாதீங்க. மெயின ஆஃப் பண்ணுங்க, இல்ல பிளக்க புடுங்குங்க. மெயின் எட்டாத எடத்துல இருக்குன்னா காஞ்ச பலகை மேலயோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலயோ ஏறி நின்னுக்கிட்டு காஞ்ச கட்டையால, பிவிசி பைப்பால ஒயர அக்கட்ட தள்ளுங்க. பச்சக் கம்பு, பச்ச மூங்கில், ஈரத்துணி, இரும்புத் தொரட்டி எதுவும் ஆகாது. இதெல்லாம் ஊட்டுக் கரண்ட்டுக்கு மட்டும்தான், தோட்டத்துக்கு மேல போற 11 ஆயிரம் வோல்ட் லைன்னா எந்தக் கட்டையும் காப்பாத்தாது, ஈபில ஆஃப் பண்ணிட்டோம்னு சொல்ற வரைக்கும் கிட்டயே போகக் கூடாது.

கரண்ட்டுல இருந்து பிரிஞ்சதும் 108-க்கு போன் போட ஒருத்தர சொல்லிட்டு நீங்க ஆளப் பாருங்க. தோளத் தட்டிக் கூப்புட்டும் அசைவில்ல, மூச்சு வரலீன்னா, இல்ல எப்பவாவது ஒருக்கா ஏங்கற மாதிரி மட்டும் மூச்சு வருதுன்னா, கையக் கால தேச்சுட்டு நிக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, முழங்கைய மடக்காம, 5 சென்டிமீட்டராவது உள்ள போற மாதிரி வேகமா அமுக்குங்க, நிமிசத்துக்கு 100-ல இருந்து 120 தடவ. எலும்பு ஒடஞ்சிருமோன்னு பயப்படாதீங்க, எலும்பு கூடிக்கும். கை ஓஞ்சா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மாத்தி விடுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. பல்லடமோ காங்கயமோ தாண்டி உள்ள இருக்கற தோட்டத்துக்கு வண்டி வந்து சேர நேரம் ஆகுங்க, அந்த நேரத்துல அவங்க மூளைக்கு ரத்தம் போறதே உங்க கையாலதான். ஏணியில இருந்தோ மரத்துல இருந்தோ விழுந்திருந்தா கழுத்த ஆட்டாம பாத்துக்குங்க.

எந்திரிச்சு உக்காந்து "எனக்கு ஒண்ணுமில்ல, காப்பி குடு"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. வெளிய ஒரு பொட்டு அளவுக்குத்தான் காயம் தெரியும், உள்ள சதை வெந்திருக்கும், நெஞ்சுத்துடிப்பு கொஞ்ச நேரம் கழிச்சுக் கூடத் தடுமாறும், ஈசிஜி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். வெந்த எடத்துல 20 நிமிசம் கொழாத்தண்ணி விடுங்க, மஞ்சள், பேஸ்ட்டு, இங்க்கு எதுவும் பூசாதீங்க.

தீப் புடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் தெரியும், ஆனா பதட்டத்துல கை மொதல்ல கொடத்துக்குத்தான் போகும். மெயின ஆஃப் பண்ணுங்க, காஞ்ச மண்ண வாரிப் போடுங்க, இல்ல தீயணைக்கற பவுடர் சிலிண்டர் இருந்தா அடிங்க. போர்டுல இருந்து தீ மேல ஏறிருச்சு, மெயின் கிட்ட போக முடியலைன்னா எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டு 101-க்கோ 112-க்கோ அடிங்க, நகை நட்டுக்குன்னு திரும்பி உள்ள போகாதீங்க. இன்வெர்ட்டர் இருக்கற ஊட்டுல மெயின் ஆஃப் ஆனாலும் சில லைனுல கரண்ட்டு இருக்கும், அதயும் தனியா ஆஃப் பண்ணணும். மாடியில சோலார் போட்டவங்க, வெய்யில் இருக்கற வரைக்கும் பேனல்ல இருந்து வர்ற ஒயருல கரண்ட்டு இருந்துட்டேதான் இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்குங்க.

வெளிய பாக்க வேண்டியதுல எனக்கு ரொம்ப பயம் துணி காயப்போடற கம்பிதான். போஸ்ட்ல இருந்து ஊட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயர தாங்கறதுக்கு ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும், அது ஊட்டு மேல இருக்கற இரும்பு பைப்புல கட்டியிருக்கும், அதே பைப்புல துணிக்கம்பியோட ஒரு முனையக் கட்டியிருப்பாங்க. வருசக்கணக்கா காத்துல ஒராஞ்சு ஒராஞ்சு சர்வீஸ் ஒயரு தோலு தேஞ்சிரும், கரண்ட்டு இரும்புக் கம்பிக்கு வரும், அங்கிருந்து பைப்பு, அங்கிருந்து துணிக்கம்பி. ஈரத்துணியோட, ஈரத்தரையில, வெறுங்கால்ல ஒருத்தர் வந்து கைய மேல தூக்கிப் புடிப்பாங்க. இன்னைக்கே போயி பாத்து அந்தக் கம்பிய அவுத்துட்டு நைலான் கவுறு கட்டிக்குங்க, அம்பது ரூவா கூட ஆகாது. லைன் அந்து இட்டேறியில (தோட்டத்துக்கு நடுவுல போற வழியில) கெடந்தா, செத்த லைன்னு நெனச்சுத் தாண்டாதீங்க, 10 மீட்டராவது தள்ளி நில்லுங்க, ஆடு மாட்டையும் விடாதீங்க. ஏற்கனவே பக்கத்துல போயிட்டீங்கன்னா ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு, தரைய விட்டு எடுக்காம, தேச்சுத் தேச்சுப் பின்னால வாங்க, அகலமா எட்டு வெச்சா ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல கரண்ட்டு பாயும்.

முன்கூட்டியே செய்யறதுல ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்க. பேஸ்ல போன கரண்ட்டு அவ்வளவும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு அது பாத்துட்டே இருக்கும், கொஞ்சம் உங்க ஒடம்பு வழியா மண்ணுக்குப் போச்சுன்னா கண்ணு இமைக்கறதுக்குள்ள கட் பண்ணிரும். சாதா ட்ரிப்பர் இத செய்யாது, அது ஒயருக்குக் காவல், ஆளுக்கு இல்ல. ஆனா ஒரு கையில பேஸையும் இன்னொரு கையில நியூட்ரலையும் புடிச்சா ஆர்சிசிபிக்கும் தெரியாது. மாசம் ஒரு தடவ அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அமுக்குங்க, டக்குனு விழணும், விழலைன்னா மாத்துங்க. அடிக்கடி விழுதுன்னு அத எடுத்துட்டு நேரா கனெக்சன் குடுக்கச் சொல்லாதீங்க, எங்க கசியுதுன்னு தேடச் சொல்லுங்க. எங்கம்மா கிரைண்டருக்கு ஒயர்மேன் வந்தப்ப மோட்டார் வைண்டிங்ல மாவுத்தண்ணி எறங்கியிருந்துச்சு, எர்த்து குழியோ சித்திரை வெய்யில்ல எலும்பாட்டக் காஞ்சு கெடந்துச்சு, நம்ம செம்மண்ணு காஞ்சா கரண்ட்டயே வாங்காது. இப்ப மாசி பொறந்ததுல இருந்து மழை வர்ற வரைக்கும் வாரம் ரெண்டு கொடம் தண்ணி எர்த்து குழிக்கு ஊத்தறோம்.

அப்பறம் மெயின் எதுன்னு ஊட்டுல இருக்கற எல்லாத்துக்கும் தெரியணும், அம்மிச்சியில இருந்து பத்து வயசுப் புள்ள வரைக்கும். முன்னாடி மூட்டை அடுக்கி வெக்காதீங்க. நாங்க மெயின் சுவிட்ச் பக்கத்துல செவப்புப் பெயிண்ட்ல அம்புக்குறி போட்டு, கீழ ஒரு அட்டையில 108, 101, மின்வாரியத்துல புகார் சொல்ற மின்னகம் நம்பர் 94987 94987, எங்க பகுதி ஈபி ஆபீஸ் நம்பர், எங்க சர்வீஸ் நம்பர் எல்லாம் பெருசா எழுதி ஒட்டியிருக்கோம். கண்ணாடி இல்லாம எங்கம்மா படிக்கற அளவுக்குப் பெருசா.