மத்தியதரைக் கடலின் ஆழ்சுவர் டைவ்: அனுபவசாலிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மால்டாவின் கோஸோ தீவிலுள்ள ரெக்கா முனை, பிரான்சில் போர்-க்ரோ தேசியப் பூங்காவின் கபினியேர் பாறை, குரோஷியாவின் விஸ் தீவுச் சுவர்கள். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் இந்தப் பாறைச்சுவர்களுக்கு வருகிறவர்கள் புதியவர்கள் அல்ல. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதற மாட்டார்கள், நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தவும் கைவந்திருக்கும். அவர்களுக்கு விபத்து வேறு வழியாக வருகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு காற்று மிச்சம், எந்த நிமிடத்தில் திரும்புவது என்பதையெல்லாம் கரையிலேயே முடிவு செய்யாமல், கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 40 மீட்டரில் நைட்ரஜன் ஏறிய மூளைக்கு அந்தக் கணக்கு வராது. வந்தாலும் தப்பாகத்தான் வரும்.

ஆழம் நழுவுவது

சாதாரணப் பாறைத்திட்டில் தரை உங்களை நிறுத்திவிடும். சுவரில் நிறுத்த எதுவும் கிடையாது. மத்தியதரைக் கடலில் நல்ல நாளில் 30 மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியும். 40 மீட்டரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் படகின் அடிப்பாகம் தெரியும், வெளிச்சமும் தாராளமாக இருக்கும். அதனால் 20 மீட்டரில் இருப்பது போலவே மனம் நம்பிக்கொள்கிறது. 36 மீட்டரில் ஒரு சிவப்புக் கடல் விசிறி, நாலு மீட்டர் கீழே இன்னும் பெரியது ஒன்று, அதற்கும் கீழே ஓர் இடுக்கில் லாப்ஸ்டரின் மீசை. ஒவ்வொன்றும் சிறு இறக்கம்தான். பத்து நிமிடத்தில் 48 மீட்டருக்குப் போய்விட்டிருப்பீர்கள். அதற்குள் உடை அமுங்கி நீங்களும் கனத்திருப்பீர்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கண் கேமராத் திரையில் இருக்க, உடல் மெல்லக் கீழே போய்க்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்க, இறங்கும் முன்பே 'இதற்குக் கீழே இல்லை' என்று ஓர் எண்ணை ஜோடியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரின் ஆழ எச்சரிக்கையை அதற்கு 2 மீட்டர் மேலே வையுங்கள். ஆனால் தடித்த ஹூட் போட்ட காதுக்கு அந்தச் சத்தம் கேட்காமலே போகலாம். ஆகவே ஒவ்வொரு படத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முறை ஆழத்தைப் பாருங்கள். முதலிலேயே அதிகபட்ச ஆழத்துக்குப் போய்விட்டு, பிறகு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 25-க்கு ஏறி மறுபடி 38-க்கு இறங்கும் ரம்பப் பல் பாதை வேண்டவே வேண்டாம். ஜோடியில் ஒருவர் எப்போதும் இரண்டு மூன்று மீட்டர் மேலே இருந்தால், மற்றவர் நழுவுவது உடனே கண்ணில் படும்.

பிரான்சின் விதிகள் உரிய தகுதி உள்ளவர்களைச் சாதாரணக் காற்றில் 60 மீட்டர் வரை விடுகின்றன. குரோஷியாவில் பொழுதுபோக்கு டைவுக்கு எல்லை 40. சட்டம் 60 என்பதால் உடலும் அங்கே நன்றாக இயங்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது.

காற்றின் கனம்

அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜனே நஞ்சாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். காற்றின் அடர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பது இன்று டைவ் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. சாதாரணக் காற்று 30 மீட்டரிலேயே 5.2-ஐத் தொட்டுவிடுகிறது. 40 மீட்டரில் சுமார் 6.4. அவ்வளவு கனமான காற்றை இழுத்து விடும்போது நுரையீரலால் கரியமில வாயுவை முழுதாக வெளியேற்ற முடிவதில்லை. அது ரத்தத்தில் தேங்க, மூச்சு வாங்குகிறது, காரணமில்லாத பயம் வருகிறது, நைட்ரஜன் மயக்கமும் கூடுகிறது. நீரோட்டத்தை எதிர்த்து இரண்டு நிமிடம் வேகமாக உதைத்தாலே போதும். வாயில் கடித்திருக்கும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் காற்றுத் தரவில்லை என்று தோன்றும். ரெகுலேட்டர் சரியாகத்தான் இருக்கும். நின்று, சுவரில் வெறும் பாறையை ஒரு விரலால் பிடித்து, நீளமாக வெளியே மூச்சு விட்டு, கொஞ்சம் மேலே வர வேண்டும்.

ஆக்ஸிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்றான நைட்ராக்ஸைப் போட்டால் மயக்கம் குறையும் என்பது விடாமல் சுற்றும் தவறான நம்பிக்கை. ஆக்ஸிஜனும் மயக்கும், அடர்த்தியும் குறையாது. நைட்ராக்ஸால் கிடைப்பது டிகோ நேரத்தில் (உடலில் ஏறிய நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் நின்று காத்திருக்கும் நேரத்தில்) சலுகை மட்டுமே, அதற்கும் ஓர் ஆழ எல்லை உண்டு. கலவையில் ஆக்ஸிஜனின் பங்கான அழுத்தம் அதிகபட்சம் 1.4 பார் என்று வைத்தால், 32 சதவீதக் கலவைக்கு எல்லை 33 மீட்டர், 28 சதவீதத்துக்கு 40. தரையே இல்லாத சுவரில் 32-ஐ முதுகில் கட்டிக்கொண்டு 'மேலேயே இருந்துகொள்வேன்' என்று போவது, மேலே சொன்ன நழுவலோடு சேர்ந்தால் வலிப்பில் கொண்டு விடலாம்.

45 மீட்டரைத் தாண்டுகிற திட்டம் என்றால் ஹீலியம் வேண்டும், அதற்கான பயிற்சியும் வேண்டும். 21/35 ட்ரைமிக்ஸ், அதாவது 21 சதவீத ஆக்ஸிஜனும் 35 சதவீத ஹீலியமும், 50 மீட்டரில் சுமார் 5.5 கிராம் அடர்த்தியோடு நிற்கும். மயக்கமும் காற்றில் 29 மீட்டரில் இருக்கும் அளவுதான். விலை கூடுதல் என்பது உண்மை. அந்தச் செலவு கட்டாது என்றால் 35 மீட்டர் சுவரே போதும். அங்கே பார்க்க நிறையவே இருக்கிறது.

டிகோவுக்காக 50 சதவீத ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துப் போகிறவர்கள், அதன் ஆழ எல்லையான 21 மீட்டர் என்ற எண்ணைப் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டுங்கள். மாற்றும்போது ஆழத்தைப் பார்த்து, எண்ணைப் படித்து, குழாயைக் கையால் தொடர்ந்து வாய் வரை வந்து, ஜோடியிடம் காட்டிவிட்ட பிறகே மூச்சு இழுக்க வேண்டும்.

'50 பாரோடு மேலே வந்தால் போதும்'

சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்றை மிச்சம் வைத்து மேலே வருவது ஆழமில்லாத டைவுக்கான பழக்கம். இதைச் சுவருக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் பார்வையில் மிக ஆபத்தான தவறு. உங்கள் ஜோடியின் காற்று 40 மீட்டரில் நின்றுவிட்டால், இருவரும் உங்கள் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டும். அதற்கான கணக்கு இது.

ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று, இருவருக்கு 40. நிலைமையைச் சமாளிக்க 40 மீட்டரில் 2 நிமிடம், அழுத்தம் 5 பார்: 40 × 5 × 2 = 400 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டருக்குக் குறைவான வேகத்தில் ஏற 5 நிமிடம், சராசரி அழுத்தம் 3 பார்: 600 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 180 லிட்டர். மொத்தம் 1,180. 15 லிட்டர் சிலிண்டரில் இது 80 பார், 12 லிட்டரில் 100 பார். கட்டாய டிகோ எதுவும் இதில் சேரவில்லை. பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பவரும் உண்டு.

அந்த 80 பாருக்கு வந்தபின் திரும்புவது என்று அர்த்தமில்லை. அந்த நேரம் நீங்கள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டிய டைவ் என்றால், 15 லிட்டர், 200 பாரில் 3,000 லிட்டர். ஒதுக்கிய 1,200 போக 1,800. அதில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. 900 லிட்டர் என்பது 60 பார். ஆகவே 140 பாரில் திரும்ப வேண்டும். 12 லிட்டர் ஒற்றைச் சிலிண்டரில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், அது இந்த டைவுக்கான சிலிண்டரே இல்லை என்று தெரிந்துவிடும். 40 மீட்டரில் காற்றில் டிகோ இல்லாத நேரம் ஒன்பது நிமிட அளவுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரும் எடையும்

அந்தமானிலும் மாலத்தீவிலும் 28 டிகிரி நீரில் பழகியவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் கடல்மட்ட வெப்பத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். மேலே 26 டிகிரி. 20 மீட்டர் வாக்கில் கண்ணாடி நெளிவது போல ஓர் அடுக்கு தெரியும். அதைத் தாண்டியதும் 15, 16. மத்தியதரைக் கடலின் ஆழ்நீர் வருடம் முழுக்க 13 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சுவர் டைவுக்கான உடையைக் கீழே உள்ள வெப்பத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: கோடையிலும் 7 மில்லிமீட்டரும் ஹூடும், வசந்தத்தில் நீர் புகாத டிரை சூட். இறுக்கமான உடையும் குளிரும் கடும் உழைப்பும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு, குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும். கீழே இருக்கும்போதே இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் டைவை உடனே முடியுங்கள்.

7 மில்லிமீட்டர் உடையோடு கடல்மட்டத்திலிருந்து இறங்க நிறைய ஈயம் தேவைப்படும். அந்த உடை 40 மீட்டரில் அமுங்கி, தன் மிதப்பில் பெரும்பகுதியை இழக்கும். தேவைக்கு மேல் 3 கிலோ கட்டியிருந்தால் அங்கே முதுகிலுள்ள மிதப்புப் பையான விங்கை ஊதிக்கொண்டே இருக்க வேண்டிவரும், மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே நீரின் உப்பு வங்காள விரிகுடாவைவிட அதிகம், அதற்கு அரைக் கிலோ கூடுதலாகக் கட்டினால் போதும். சரியான எடையைக் கடைசியில்தான் பார்க்க முடியும்: 50 பார் மிச்சமிருக்க, விங் காலியாக இருக்க, 5 மீட்டரில் நிற்க முடிகிறதா? 15 லிட்டர் சிலிண்டர் 200-லிருந்து 50-க்கு வரும்போது சுமார் 2.7 கிலோ இலேசாகிவிடுகிறது.

காற்றடிக்கும் திசை

இங்கே ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) சில பத்து சென்டிமீட்டர்தான் என்பதால் ஓத அட்டவணை பெரும்பாலும் உதவாது. மெஸ்ஸினா ஜலசந்தி விதிவிலக்கு. அங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறும், இடைப்பட்ட அமைதியான நேரத்தில்தான் இறங்க வேண்டும். மற்ற இடங்களில் காற்றைப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்று அடித்தால் மார்செய், தூலோன் கரைகளில் மேல்நீர் வெளியே தள்ளப்பட்டுக் கீழ்நீர் மேலேறும். 23 டிகிரி ஓரிரு நாளில் 15 ஆகிவிடும்.

கோஸோவின் துவெய்ரா இதற்கு நல்ல பாடம். 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் அஸூர் ஜன்னல் பாறை இடிந்து விழுந்த இடம் அது. பக்கத்திலுள்ள ப்ளூ ஹோலில் இறங்கி, சுமார் 8 மீட்டரில் உள்ள வாசல் வழியாக வெளிச்சுவருக்குப் போகிறார்கள். திரும்பவும் அதே வாசலைக் கண்டுபிடித்தாக வேண்டும். வடமேற்குக் காற்றின் அலை உள்ளே புகும் நாளில் இறங்குவது எளிது, பாறையில் ஏறி வெளியே வருவதுதான் எலும்பை உடைக்கும். வெளியேறும் இடத்தைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வருவது அதற்குள் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் தீவின் மறுபக்கம் போங்கள், அங்கேயும் டைவ் இடங்கள் உண்டு. பக்கத்து இன்லண்ட் ஸீ சுரங்கத்தில் சுற்றுலாப் படகுகள் தலைக்கு மேலே ஓடும். நடுவில் மேலெழுவது என்ற வழியே அங்கு கிடையாது.

ஏறும்போது

சுவரை விட்டுத் திறந்த நீலக் கடலில் ஏறுவது தேவையில்லாத சிரமம். பாறை கண்ணெதிரே இருந்தால் வேகமும் ஆழமும் தானாகத் தெரியும். மிதவைக் குழலை 15–20 மீட்டரிலிருந்தே விடுங்கள். ஆகஸ்டில் தலைக்கு மேலே ஓடும் மோட்டார் படகுகளுக்கு நீங்கள் இருக்கும் இடம் அதனால்தான் தெரியும். அதன் கயிறு சுற்றிய ரீலை மிதப்புச் சட்டையான பிசிடியில் மாட்டிக்கொண்டு குழலை ஊதக் கூடாது. சிக்கினால் அது உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 5 மீட்டரில் அலை சுவரில் மோதித் தூக்கிப் போட்டால், நிறுத்தத்தை 6–7 மீட்டரில் செய்யுங்கள்.

சுவரில் வாழ்பவை

நம்மூர் நகைக்கடைகளில் 'இத்தாலிப் பவழம்' என்று விற்பது இந்தச் சுவர்களின் இருண்ட இடுக்குகளில் வளரும் செம்பவளம். அதன் தண்டு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பதில்லை. ஒரு மீட்டர் உயரக் கடல் விசிறிக்குப் பல பத்தாண்டு வயது. 1999, 2003, 2022 கோடைகளின் வெப்ப அலைகளில் வடமேற்கு மத்தியதரைக் கடலில் இவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. மிஞ்சியவற்றைத் துடுப்பால் முறிப்பது மன்னிக்க முடியாதது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தவளை உதையில் போங்கள். கூரை போன்ற பாறைக்கு அடியில் மூச்சு விட்டபடி நிற்காதீர்கள். அங்கே தேங்கும் காற்றுக்குமிழி ஒட்டி வாழ்பவற்றைக் கொன்றுவிடும். டார்ச் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் 35 மீட்டரில் அந்தச் சிவப்பெல்லாம் சாம்பல் நீலமாகத்தான் தெரியும். அறுந்த தூண்டில் நரம்பும் வலையும் தொங்கும் சுவர்கள் நிறைய. கை எட்டும் இடத்தில் இரண்டு வெட்டுக் கருவிகள் இருக்கட்டும்.

படகில் ஏறிய பிறகு

வெயிலில் ஈர உடையோடு உட்கார்ந்து நா வறள்வது, நைட்ரஜன் உடலில் குமிழியாகும் டிகம்ப்ரஷன் நோய்க்கு வழி விடும். தண்ணீர் குடியுங்கள், பீர் பிறகு. டிகோ டைவுக்குப் பின் 24 மணி நேரமாவது விமானம் வேண்டாம். மலைச்சாலையும் அப்படித்தான். காலையில் சிசிலியின் தாவோர்மினாவில் டைவ், மாலையில் காரில் எட்னா எரிமலை என்று திட்டமிடுகிறார்கள். அங்கே ரிஃபூஜியோ சப்பியென்ஸாவின் உயரம் சுமார் 1,900 மீட்டர். கோர்சிகாவின் கணவாய்களும் ஆயிரம் மீட்டரைத் தாண்டும்.

தோள் வலி, மரத்துப்போதல், தோலில் புள்ளி, இயல்பில்லாத களைப்பு எது வந்தாலும் உடனே நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு 112-க்கு அழையுங்கள். கடலில் இருந்தால் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை, பிரான்சில் 196, இத்தாலியில் 1530. புறப்படும் முன் படகிலுள்ள ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து அழுத்தத்தை நீங்களே பாருங்கள். 2 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் 400 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டத்தில் 26 நிமிடம்தான் வரும். துறைமுகம் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தால் 5 லிட்டர் சிலிண்டர் கேட்டு வாங்குங்கள்.