அகச்சிவப்புப் படத்தின் நடுவில் வந்த வெள்ளை வட்டு

புதுச்சேரி பாரதி பூங்காவில் 720 நானோமீட்டர் ஃபில்டர் (ஏறக்குறைய அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடுவது) போட்டு எடுத்த படங்களில் மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. அது சரி, இலைகள் அகச்சிவப்பை அதிகம் பிரதிபலிக்கும். ஆனால் ஆயி மண்டபத்துக்கு மேலே, இருண்ட வானத்தில், படத்தின் நட்டநடுவில் மங்கலாக ஒரு வெள்ளை வட்டு. மாமா பார்த்துவிட்டு, "பிரெஞ்சுக்காரன் ஆவிடா" என்றார்.

சென்சாரைச் சுத்தம் செய்தேன். முக்காலியில் வைத்து நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து எடுப்பதால் வியூஃபைண்டர் வழியாக வெயில் நுழையலாம் என்று கறுப்புத் துணியால் மூடினேன். அப்புறம் ஃபில்டரையும் மாற்றினேன். வட்டு போகவில்லை.

துப்பு கிடைத்தது வேறு இடத்தில். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டு நடுவிலேயே நின்றது. சாதாரண ஃபிளேர் (வெயில் லென்ஸுக்குள் பட்டுச் சிதறும் ஒளி) என்றால் சூரியனைப் பொறுத்து நகர்ந்திருக்கும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 16இல் வைத்தபோது வட்டு சிறிதாகி ஓரம் தெளிந்தது, துவாரம் அகலமான எஃப் 5.6இல் பரவிக் கரைந்து, ஏறக்குறைய மறைந்தே போனது. பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தவை. அகச்சிவப்பு உள்ளுக்குள்ளேயே மோதித் திரும்பி நடுவில் சேர்கிறது.

இப்போது அந்த லென்ஸில் துவாரத்தை எஃப் 5.6ஐவிடச் சுருக்குவதில்லை. அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமென்றால் பழைய 50 மி.மீ. லென்ஸ், அதில் எஃப் 11 வரை வட்டு இல்லை. விலை கூடிய லென்ஸ் என்பதால் தப்பிக்கும் என்றில்லை. வாங்கும் முன் ஃபில்டரைப் போட்டு, வெறும் வானத்தை எஃப் 16இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.