பாராங்கிற்குப் புதுப் பிடி: அளவும் நாரும்

மலாய் வெட்டுக்கத்தியான பாராங்கின் பிடி பிளந்துவிட்டால் பலர் கத்தியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரும்பு நல்ல இரும்பாக இருந்தால் அது வீண். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் பிடிக்கு ஏற்ற மரம் கொல்லையிலேயே கிடக்கும். கையில் மர அரம், வில் ரம்பம், டிரில், வைஸ் (பற்றி இறுக்கும் கருவி) இருந்தால் போதும்.

முதலில் மரம். கொய்யாதான் முதல் தேர்வு: நெருக்கமான நார், அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் பிளக்காது. பலா வைரம் செதுக்க இலகு, கரையான் அண்டாது, ஆனால் கொய்யா அளவுக்கு உறுதி இல்லை. சாலையோர அங்சானாவும் நல்லது. நம் வேங்கையின் பங்காளி மரம்தான் அது. தோட்டத்தில் மலிந்து கிடக்கும் ரப்பர் மரத்தை வெட்டிய கையோடு எடுத்து வந்து பிடி போடாதீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம், சில நாளில் நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். நாற்காலி செய்யும் ஆலைகள் அதற்கு போரான் மருந்தேற்றிச் சூளையில் காயவைப்பது அதனால்தான். சிவந்த வரியோடு கண்ணைப் பறிக்கும் ரெங்காஸ் மரத்தின் பக்கமே போக வேண்டாம். அது சேராங்கொட்டைக் குடும்பம், பாலும் தூளும் பட்டால் தோல் கொப்பளிக்கும்.

ஈர மரத்தில் போட்ட பிடி காயக் காயச் சுருங்கி, கத்தி நுழையும் வாய்ப்பக்கம் வெடிக்கும். துண்டின் இரு முனைகளிலும் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் மரம் தயார். கனமான கொய்யாத் துண்டுக்கு ஆறு மாதம் பிடிப்பதும் உண்டு.

அடுத்து நார். இதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பாராங் பிடியின் முன்பாதி நேராக இருக்கும். அதற்குள்தான் கத்தியின் வால், அதாவது அலகுக்குப் பின்னால் ஒடுங்கி நீளும் இரும்பு, போகிறது. பின்பாதி கூர்ப்பக்கமாக 10 முதல் 15 பாகை இறங்கி, கடைசியில் கொக்கிபோல் வளையும். நேரான பலகையில் இந்த வடிவத்தை வெட்டினால் கொக்கியில் நார் குறுக்கே அறுபட்டு, கத்தி ஒருமுறை தரையில் விழுந்தாலே கொக்கி தெறித்துவிடும்.  வளைந்த கிளையை, அல்லது கிளை தண்டிலிருந்து பிரியும் இடத்தைத் தேடுங்கள். நாரே வளைந்து வரும். நடுக்குருத்து பிடிக்குள் வராமல் கிளையை நெடுக்கப் பிளந்து ஒரு பாதியை எடுங்கள். குருத்து உள்ளே இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும்.

அளவுகள் நடுத்தரக் கைக்கு. உங்கள் நான்கு விரல்களின் அகலத்தை அளந்து, பூணுக்கும் (பிடியின் வாயை இறுக்கும் உலோக வளையம்) கொக்கிக்குமாக 50 மி.மீ. சேருங்கள். 85 மி.மீ. கை என்றால் பிடி 135 மி.மீ. கட்டையை 180 நீளம், 60 உயரம், 35 கனத்தில் அறுத்துக்கொள்ளலாம். முடிந்த பிடியில், நடுவிரல் இருக்கும் இடத்தில் உயரம் 35, கனம் 26. சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் 29க்கு 24. கொக்கியின் நுனி அடிக்கோட்டிலிருந்து 15 மி.மீ. கீழே இறங்கினால் போதும். அதற்கு மேல் அழகுக்கு இறக்கினால் வீசும்போது சுண்டுவிரலை அறுக்கும்.

குறுக்குவெட்டு முட்டை வடிவம்: குறுகிய பக்கம் கூர்ப்பக்கம், அகன்ற பக்கம் முதுகுப்பக்கம். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். அப்போது கூர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கைக்குத் தெரியாது, ஆபத்து அங்கேதான்.

ஆனால் செதுக்கும் முன் துளை. கட்டை சதுரமாக இருக்கும்போது மட்டுமே வைஸில் நேராக நிற்கும். செதுக்கிவிட்டுத் துளையிடுகிறவர்கள்தான் கோணல் கத்தியோடு அல்லாடுகிறார்கள். வாலின் நீளம் 90, அகலம் தோளருகே (வாலும் அலகும் சேரும் இடம்) 10, நுனியில் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. துளையை 90 ஆழத்துக்கும், அதே துளையில் 8 மி.மீ. துளையை 45 ஆழத்துக்கும் இறக்குங்கள். நெடுக்கப் பிளந்த ரப்பர் குழாயால் கத்தியின் கூர்ப்பக்கத்தை மூடிக் கட்டுங்கள். அலகைத் தோள்வரை ஈரச் சாக்கில் சுற்றி, வாலை மட்டும் மங்கிய சிவப்பாகச் சூடாக்குங்கள். அலகில் நீலம் ஓடினால் கூர் மழுங்கும் இரும்பாகிவிடும், எனவே சாக்கு காயவே கூடாது. சூடான வாலைத் துளையில் மூன்று நான்கு விநாடி அழுத்தி எடுத்து, கரியைச் சுரண்டி, மறுபடி அழுத்துங்கள். தோளுக்கு 5 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். முழுக்கச் சுட்டு இறக்கினால் துளை தொளதொளவென்று ஆகி, கரிமேல் ஒட்டிய பிடி ஒரு மாதத்தில் ஆடும்.

பூணுக்கு, உட்குறுக்களவு 26 மி.மீ. உள்ள செம்புக் குழாய்த் துண்டு 25 மி.மீ. நீளம். வைஸில் மெல்ல நசுக்கினால் உள்ளே 29க்கு 23 என்ற நீள்வட்டமாகும். பிடியின் வாயை அந்த அளவுக்கு மேல் அரை மி.மீ. விட்டு அரத்தால் ராவி, பூணைத் தட்டி ஏற்றுங்கள். கையால் தள்ளியே ஏறும் பூண் பயனற்றது.

இனி வில் ரம்பத்தால் பக்கத்தோற்றத்தை அறுத்து, விளிம்புகளை மர அரத்தால் எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறாக்கி உருட்டுங்கள். இடையிடையே கத்தியைச் சொருகி, பிடியின் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: முதுகுக்கோடு, பூண், கொக்கி மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இறுகப் பற்றும்போது விரல்நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட்டால் சரி. அழுந்தினால் பிடி மெலிது, கை சீக்கிரம் களைக்கும். எட்டாவிட்டால் தடிமன், கொப்புளம் வரும்.

ஒட்ட, அந்தக்கால முறை அரக்கும் சலித்த செங்கல் தூளும். உருக்கித் துளையில் நிரப்பி, சுட்ட வாலை இறக்குவது. திரும்பச் சூடாக்கினால் பிடியைக் கழற்றலாம், அது ஒரு வசதி. வெயிலில் நிற்கும் காருக்குள் கத்தியை வைப்பவருக்கு அரக்கு ஒத்துவராது, இளகும். அவர்கள் இருகலவைப் பசையை (எபாக்சி) சம அளவில் கலந்து இட்டு, 24 மணி நேரம் அசைக்காமல் வைக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு வாலில் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

உப்புத்தாள் 80, 120, 180 என்று ஏறி 180இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் வியர்வைக் கையில் வழுக்கும். வார்னிஷும் அப்படியே. ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை பூசினால் போதும். தேங்காயெண்ணெய் உலராது, பிசுபிசுத்துத் தூசி சேரும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.